இரவுப் பணியில் இருந்த அந்த அக்காவுக்கு

எச்ஐவி உள்ள தம்பியை வார்டில் சேர்த்தபோது அவனுடைய சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்கள்) எண்ணிக்கை 38. 200-க்குக் கீழே போனாலே நோய் முற்றிய நிலை என்கிறார்கள். ஓயாத தலைவலி. ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரிலும் அதே. பூஞ்சைக்கு மருந்து ஏறியது. எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரையை மட்டும் தரவில்லை. அலட்சியம் என்று நினைத்து உங்களிடம் கத்திவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். மூளையில் பூஞ்சை இருக்கும்போது ஏஆர்டியால் எதிர்ப்புச் சக்தி சட்டென்று எழுந்தால் வீக்கம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம், 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும் என்றீர்கள். “தாமதம் இல்லைங்க, இதுவும் சிகிச்சைதான்.”

அப்புறம், மூளை அழுத்தத்தைக் குறைக்க மறுபடி மறுபடி நீர் எடுத்தபோதெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், கையுறை இல்லாமல். சொந்தக்காரர்கள் சிலர் அவன் குடித்த டம்ளரைக்கூடத் தொடாத நாட்கள் அவை!

ஐந்தாவது வாரம் ஏஆர்டி தொடங்கியது. இப்போது ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. சிடி4 இன்னும் ஏற வேண்டும், அதுவரை பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல் மருந்தும் தொடரும். சரி, அது மெதுவாகத்தான் ஏறும்.

நன்றி அக்கா. அன்று கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள்.