நிலா வெளிச்சமும் நம்ம கடலைக் கொல்லையும்

சேகரு,

நல்லா இருக்கியாடா? உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, அம்மாவுக்குக் கண்ணுல புரை ஆபரேஷன் பண்ணோம், இப்ப நல்லா பாக்குறாங்க, நேத்து அவங்களே உக்காந்து அரிசியில கல்லு பொறுக்குனாங்க. உன் பொண்ணு மாடியில தோட்டம் போடறா, முருங்கைக் கன்ன பௌர்ணமியில வச்சா நிலா வெளிச்சத்துல சீக்கிரம் வளருமான்னு கேக்குறான்னு எழுதியிருந்தல்ல, அது மனசுலயே ஓடிட்டு இருந்துச்சு.

வெளிச்சத்துனால வளராதுடா. வெளிச்சத்த லக்ஸ்னு ஒரு அளவுல அளப்பாங்க, உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ், பௌர்ணமி நிலா கால் லக்ஸ்தான், நாலு லட்சத்துல ஒரு பங்கு. ராத்திரி பன்னெண்டு மணி நேரமும் நிலா தலைக்கு மேலயே நின்னாக்கூட ஒரே ஒரு நொடி வெயிலுக்கு ஈடாகாது, அத வச்சு இலை என்ன சாப்பாடு செய்யும் சொல்லு.

ஆனா செடிக்கு நிலா தெரியவே தெரியாதான்னா அப்படியும் சொல்ல முடியல. தைப்பூசத்தன்னிக்கு ராத்திரி கொல்லைக்குப் போனேன், கடலை நாப்பதாவது நாளு, அவ்ளோ கொல்லையும் தூங்குது, ஒவ்வொரு காம்புலயும் நாலு இலையும் ரெண்டு ரெண்டா கை கூப்புன மாதிரி மூடிக்கிட்டு. சின்ன வயசுல காவலுக்குப் படுக்கும்போது நாம பாத்ததுதான். ஜெர்மனியில எர்வின் பியூனிங்னு ஒரு விஞ்ஞானி, 1969ல கூட ஒருத்தரோட சேந்து இதே கடலை, சோயாவ வச்சு சொன்னாரு, நெறைய செடி ராத்திரி எவ்ளோ நீளம்னு அளந்துதான் பூக்குது, அந்தக் கணக்கு நிலா வெளிச்சத்துல கெட்டுடக் கூடாதுன்னுதான் இலைய மூடிக்குதுன்னு. படிச்சப்ப எனக்கு புல்லரிச்சுப் போச்சுடா. ஆனா கடலை ராத்திரி நீளத்தப் பெருசா பாக்காமலே பூக்கிற பயிர், அதுக்கு எதுக்கு இந்தக் காவல்? டார்வின் 1880லயே வேற காரணம் சொல்லிருக்காரு, இலைய மூட விடாம விரிச்சுக் கட்டி வெளிய வச்சா அதுதான் பனியில அதிகமா கருகுச்சாம். குளிருக்குத்தான் மூடுதுங்கிறதுதான் எனக்கு மனசுக்கு ஒத்து வருது. 1987ல வேற ஆளுங்க ஒரு பூக்கொடியில நிலா வெளிச்சத்த வச்சுப் பாத்ததுலயும் பூக்குறது கொஞ்சம் தள்ளிப் போனா உண்டு, அவ்ளோதான்னு முடிச்சுட்டாங்க.

அப்பா வளர்பிறையிலதான் விதை போடுவாரு, உனக்கே தெரியும். அது பொய்னு என்னால தூக்கிப் போட முடியல. வளர்பிறைன்னா சாயந்தரம் இருட்டும்போதே நிலா மேல நிக்கும், தேய்பிறையில அது வர்றதுக்கே நேரமாயிடும். கரண்டு இல்லாத காலத்துல விதைச்ச பத்து நாளு சாயந்தர வெளிச்சம் இருந்தா தண்ணி கட்டலாம், பன்னி வருதான்னு பாக்கலாம். நிலா பாத்தது செடிய இல்ல, நம்ம ஆளுங்களன்னு தோணுது. இது நானா நெனச்சதுதான்.

எனக்கு இப்ப கவலை நிலா இல்லடா, வடக்கால ரோட்டோரம் புதுசா வச்சிருக்கிற எல்இடி விளக்கு. அதுக்குக் கீழ பத்து லக்ஸ்னு வச்சுக்கிட்டாலே பௌர்ணமியப் போல நாப்பது மடங்கு, அதுவும் தேய்பிறையே கெடயாது, தினமும் விடிய விடிய. ராயக்கோட்டை பக்கம் சாமந்திக்காரங்க சீக்கிரம் பூத்துடக் கூடாதுன்னு வேணும்னே கொல்லை பூரா ராத்திரி பல்பு போடுவாங்க, பாத்திருப்ப. ஜப்பான்ல தெருவிளக்குப் பக்கத்துல இருக்கிற நெல்லு கதிர் விட லேட்டாகுதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்குன்னே தனி விளக்கு செஞ்சாங்க. ஐப்பசியில அந்த ஓரத்துல ராத்திரி நீளத்தப் பாத்துக் கதிர் விடற பழைய ரகம் நெல்லு இருந்தா என்ன ஆகும்னு பயமா இருக்கு, விளக்குக்குக் கொல்லைப் பக்கம் ஒரு தகடு மறைப்பு வைங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன், விட மாட்டேன்.

பாப்பாகிட்ட சொல்லு, முருங்கைய எந்த நாள்ல வேணா வைக்கலாம், வெயில் படற மூலை வேணும், தொட்டியில தண்ணி தேங்கக் கூடாது, மாடி லைட்ட மட்டும் ராத்திரி அணைச்சுடச் சொல்லு, முருங்கையும் இலைய மடிச்சுத் தூங்குறத அவளே பாக்கட்டும். நாளைக்குக் கடலைக்கு ஜிப்சம் போட்டு மண்ணு அணைக்கணும், ஆளு சொல்லியாச்சு. பங்குனியில பறிப்பு, அப்ப வாடா, பச்சக் கடலை அவிச்சுத் தரேன்.

உன்
மணி