அமெரிக்கக் கவுன்டி அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ்: விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வந்த பெற்றோரில் ஒருவர் இங்கேயே காலமாகிவிட்டால், துக்கம் ஆறும் முன்பே அந்தக் குடும்பம் இறப்புச் சான்றிதழுக்காக அலைய வேண்டியிருக்கிறது. அத்தகைய குடும்பங்களுக்கு விண்ணப்பங்களை நிரப்பித் தந்து வருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பகுதி, கவுன்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்துக்கு விண்ணப்பம் போவதற்கு முன்பே, இறுதிச்சடங்கு நிறுவனம் முதல் நாளில் நிரப்பித் தரச் சொல்லும் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதைத் தங்கள் வாசகர்கள், குறிப்பாகத் தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள், அறிந்திருப்பது நல்லது.

இறப்பைப் பதிவு செய்வது அமெரிக்காவில் மாநிலங்களின் பொறுப்பு. நாடு முழுமைக்கும் சான்றிதழ் வழங்கும் ஒரே அலுவலகம் என்று எதுவும் கிடையாது. மாநிலத்துக்குக் கீழே உள்ள கவுன்டிகள் மட்டும் 3,000-க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில், இறந்தவர் எங்கே குடியிருந்தார் என்று பார்ப்பதில்லை. எந்த இடத்தில் உயிர் பிரிந்ததோ அந்த இடத்துக்குரிய அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஒரு கவுன்டியில் வசித்தவரை அடுத்த கவுன்டி மருத்துவமனையில் சேர்த்து அங்கே அவர் இறந்திருந்தால், மருத்துவமனை இருக்கும் கவுன்டிக்கே விண்ணப்பம் செல்ல வேண்டும். கலிபோர்னியாவின் பல கவுன்டிகளில் அண்மைக்கால இறப்புகளுக்குப் பொதுச் சுகாதாரத் துறையும், பழைய இறப்புகளுக்குக் கவுன்டி பதிவாளர் அலுவலகமும் சான்றிதழ் தருகின்றன. இல்லினாய் மாநிலத்தில், கவுன்டி ஆவணங்களைப் பராமரிக்கும் அதிகாரியான கவுன்டி கிளார்க் தருகிறார். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மாநிலங்களில் இந்த வேலை ஊர் நிர்வாக அலுவலகத்துக்கு உரியது. நியூயார்க் நகரம் மாநிலத்திலிருந்து தனித்து, தன் சுகாதாரத் துறை மூலமே பதிவேட்டை வைத்திருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் மாநிலத் தலைமைப் பதிவு அலுவலகத்திடமும் கேட்கலாம். ஆனால் கவுன்டியில் பெரும்பாலும் விரைவாகக் கிடைத்துவிடும்.

இனி அந்தப் படிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சான்றிதழில் இறப்புக்கான காரணத்தை மருத்துவரோ, மரண விசாரணை அதிகாரியோ எழுதுகிறார். மற்ற விவரங்கள் அனைத்தும், அதாவது பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், முகவரி, திருமண நிலை, தாய் தந்தையர் பெயர், கல்வி, தொழில் ஆகியவை, குடும்பத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல இறுதிச்சடங்கு நிறுவனத்தார் எழுதிக்கொள்பவை. கலிபோர்னியாவில் இறந்த 8 நாட்களுக்குள், அதுவும் தகனமோ அடக்கமோ நடப்பதற்கு முன்பே, பதிவு முடிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே குடும்பத்தினர் நிலைகுலைந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவ்வளவு விவரங்களும் அவசர அவசரமாகக் கேட்கப்படுகின்றன.

நம்மவர் பெயர்கள் அங்கேதான் சிதைகின்றன. தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்து வாழ்ந்தவருக்கு, கடவுச்சீட்டில் அந்தப் பெயர் விரிந்து குடும்பப் பெயராக அச்சாகியிருக்கும். ஊரில் உள்ள வங்கிக் கணக்கிலும் பத்திரத்திலும் முதலெழுத்து மட்டுமே இருக்கும். அப்பாவை வீட்டில் எப்படி அழைத்தார்களோ அந்தப் பெயரைச் சொல்லிவிடும் பிள்ளைகளும் உண்டு. தாயின் பெயரைக் கேட்கும் இடத்தில், முதல் திருமணத்துக்கு முன் அவருக்கு இருந்த குடும்பப் பெயரைக் கேட்கிறார்கள். அப்படி ஒரு பெயர் பல தமிழ்க் குடும்பங்களில் இல்லாததால் ஒருவர் கணவர் பெயரை எழுதுகிறார், மற்றொருவர் ஊர்ப் பெயரை எழுதுகிறார். தாயாருடைய தந்தையின் பெயரை எழுதுவதே பொருத்தமானது என்பது என் கருத்து. குடியிருப்பு முகவரி என்ற இடத்தில், சில மாதங்கள் தங்கிச் செல்ல வந்தவருக்கு மகன் வீட்டு முகவரியை எழுதாமல் தமிழ்நாட்டு முகவரியையே எழுத வேண்டும். அமெரிக்க அரசு தனிநபருக்கு வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் அவருக்கு இல்லையென்றால் இல்லை என்று சொன்னால் போதும். பதிவு அதனால் நின்றுவிடாது.

எனவே கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவுக்கு அனுப்பும் முன் வரைவுப் படிவத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்ப்பேன் என்று சொல்லும் துணிவு குடும்பத்தில் யாருக்காவது ஒருவருக்கு வேண்டும். துக்கத்தில் நேரடியாக மூழ்காத மருமகனோ நண்பரோ இதை ஏற்பது நல்லது. பதிவான பிறகும் திருத்தலாம் என்றாலும், உறுதிமொழிப் பத்திரமும் சான்றாவணங்களும் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். கலிபோர்னியாவில் அத்திருத்தம் முதல் பக்கத்தை மாற்றுவதில்லை, இரண்டாம் பக்கமாகச் சேர்கிறது. பிழையான பக்கமும் திருத்தப் பக்கமும் சேர்ந்தே சான்றிதழ் என்பதை ஊரில் உள்ள ஒரு வங்கி அதிகாரிக்குப் புரியவைப்பது எளிதன்று.

விண்ணப்பத்தில் இறந்தவரின் முழுப் பெயர், இறந்த தேதி, இடம், விண்ணப்பிப்பவரின் உறவு ஆகியவற்றை எழுதி, புகைப்பட அடையாள அட்டையையும் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வகைச் சான்றிதழ் கிடைப்பதில்லை. கலிபோர்னியாவில் துணைவர், பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர், இறந்தவரின் சொத்து விவகாரங்களுக்கான வழக்கறிஞர் போன்றோருக்கே சட்டப்படி செல்லத்தக்க நகல் தரப்படும்; அஞ்சல் வழி கேட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை. மற்றவர்களுக்குக் கிடைப்பது தகவலுக்கான நகல் மட்டுமே. அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அதன் மீதே அச்சிடப்பட்டிருக்கும். அண்ணன் மகனோ தங்கை மகனோ ஆர்வத்துடன் விண்ணப்பித்து, அந்த நகலை ஊருக்கு அனுப்பி, அங்கே அது திருப்பி அனுப்பப்பட்ட நிகழ்வுகளை நான் கண்டிருக்கிறேன். ஃபுளோரிடாவில் இறப்புக் காரணம் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை உண்டு; 50 ஆண்டுகள் வரை காரணம் வெளியாருக்குக் காட்டப்படாது. காப்பீட்டுக்குக் காரணம் உள்ள நகல் தேவைப்படலாம் என்பதால் கேட்கும்போதே தெளிவாகக் கேட்க வேண்டும்.

கட்டணமும் இடத்துக்கு இடம் வேறுபடும். டெக்சாஸ் மாநில அலுவலகத்தில் முதல் படிக்கு (நகலுக்கு) 20 டாலர், அதே விண்ணப்பத்தில் கேட்கும் ஒவ்வொரு கூடுதல் படிக்கும் 3 டாலர். வேறு பல இடங்களில் ஒவ்வொரு படிக்கும் முழுக் கட்டணமே. விபத்து அல்லது திடீர் மரணத்தில் காரணம் ஆய்வில் இருக்கிறது என்ற குறிப்புடன் சான்றிதழ் வரலாம். அப்போது உடனடித் தேவைக்கு ஓரிரு படிகளை மட்டும் வாங்கி, காரணம் பதிவான பின் மீதியை வாங்குவதே சரி. அரசுத் தளம் போலத் தோற்றமளித்துக் கூடுதல் பணம் கேட்கும் தனியார் இணையதளங்களும் உள்ளன. கவுன்டியின் சொந்தத் தளத்திலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது.

இந்தியாவில் பயன்படுத்த, சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணத்தில் உள்ள அதிகாரியின் கையெழுத்து உண்மையானது என்று வேறு நாட்டுக்குச் சான்றளிக்கும் முத்திரை, பெற வேண்டியிருக்கும். இந்த முத்திரையை நாடுகள் ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருப்பதால் இது ஏற்கப்படுகிறது. சான்றிதழ் வழங்கிய மாநிலத்தின் செயலாளர் அலுவலகம்தான் பெரும்பாலும் இதை அளிக்கும். கலிபோர்னியாவில் ஒவ்வொன்றுக்கும் 20 டாலர். எந்த அதிகாரி கையெழுத்திட்ட படியை அவர்கள் ஏற்பார்கள் என்று முன்னதாகவே கேட்டறிந்து அத்தகைய படியை வாங்க வேண்டும், ஒளிநகல் உதவாது. இறந்தவர் இந்தியக் குடிமகன் என்றால் இந்தியத் துணைத் தூதரகத்திலும் இறப்பைப் பதிவு செய்யலாம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இத்தகைய பதிவைக் குறிப்பிடுகிறது. உடலை ஊருக்குக் கொண்டுசெல்லும் குடும்பங்கள் கடவுச்சீட்டை ரத்து செய்யவும் அந்த அலுவலகத்தையே நாட வேண்டும்.

தமிழ்நாட்டில் உள்ள உறவினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சான்றிதழை அனுப்பு என்று மட்டும் தொலைபேசியில் சொல்லாமல், வங்கி, காப்பீட்டு நிறுவனம், வட்டாட்சியர் அலுவலகம் ஆகிய ஒவ்வொன்றிலும் அப்போஸ்டில் தேவையா, அசலைத் திருப்பித் தருவார்களா, அவர்களது பதிவில் பெயர் எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். அந்தக் குறிப்பு படிவம் பதிவாகும் முன்பே வந்துவிட்டால், இங்குள்ள பிள்ளைகள் பெயரைச் சரிபார்த்து, வேண்டிய படிகளை ஒரே விண்ணப்பத்தில் வாங்கிவிட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கலிபோர்னியா