கவுன்டரில் சொல்லும் தேதி

அன்பு மகள் செல்விக்கு,

மேற்கு மாம்பலத்தில் கடை பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகப் போனில் சொன்னாய். சந்தோஷம்மா. ஆனால் "முதல் ஆறு மாசம் ரேட்டைக் குறைச்சு வச்சு ஆள் பிடிக்கலாம்" என்றாயே, அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிளவுஸ் தைக்கும் கடையில் குறைந்த ரேட் கடைசியில் டெலிவரி தேதியைத்தான் கெடுக்கும்.

லைனிங் பிளவுஸ் ஒன்றை எடுத்துக்கொள். தையல் கூலி 120, கட்டிங் 30, லைனிங் துணி 70, ஹெம்மிங், ஹூக் கைவேலைக்கு 25, நூல், ஹூக், பைக்கு 15. மொத்தம் 260. பலர் இதோடு நிறுத்திவிட்டு, 350 வாங்கினால் 90 லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாடகை 15,000, கவுன்டர் பெண்ணுக்கு 12,000, கரண்ட், மெஷின் சர்வீஸ் சேர்த்து 5,000 என்றால் மாதம் 32,000 ஆச்சு. இரண்டு டெய்லர் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு தைத்தால் 25 நாளில் 200 பிளவுஸ். ஒவ்வொன்றின் தலையிலும் 160 ஏறும். அடக்க விலை 420. அதை 350க்குத் தைத்தால் பிளவுஸுக்கு 70 ரூபாய் கைக்காசு போகும். உன் கடை வாடகையையும் கூலியையும் போட்டு இதே மாதிரி ஒரு சீட்டில் எழுதிப் பார்.

அடக்கத்தின்மேல் 25 சதம் ஏற்றினால் 525. லாபம் 105; கையில் வாங்கும் பணத்தில் அது 20 சதம்தான். அதனால் "10 சதம் தள்ளுபடி" என்று போர்டு மாட்டினால் 52 ரூபாய் 50 காசு, லாபத்தில் சரிபாதி, போய்விடும். அதை ஈடுகட்ட இன்னும் நிறைய ஆர்டர் எடுப்பாய். டெய்லர் கை அதற்கேற்ப வளராதே! தேதி தள்ளும், வாடிக்கையாளர் கத்துவார், நீ டெய்லரிடம் கத்துவாய், அவர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்.

நாளுக்கு ஒரு பக்கம் என்று பெரிய டைரி போடு. பத்து தைக்க முடிந்தாலும் ஒரு பக்கத்தில் எட்டு ஆர்டர்தான் எழுத வேண்டும். மீதி இரண்டு இடம் ஆல்டரேஷனுக்கும் அவசரத்துக்கும். பக்கம் நிறைந்தால் அடுத்த நாள், யார் கேட்டாலும். தீபாவளி ஆர்டரை இருபது நாள் முன்னாலேயே நிறுத்திவிடு. ஆடியில் கல்யாண அவசரம் இருக்காது. மெஷின் சர்வீசை அப்போது முடித்துவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்குத் தடுமாற வேண்டாம்.

ஆர்டர் எடுக்கும்போது காட்டும் பொறுமைதான் பின்னால் வரும் சண்டையைக் குறைக்கும். அளவு பிளவுஸ் கொடுத்தால் அப்படியே வாங்கி வைக்காதே. மேஜையில் விரித்து, "இது இப்போ சரியா இருக்கா? எங்கயாவது பிடிக்குதா?" என்று கேள். பல பேர் பழைய, இறுகிப்போன பிளவுஸைத்தான் கொண்டு வருவார்கள். முன்கழுத்து, பின்கழுத்து இறக்கத்தை எண்ணாகச் சொல்லாமல், அவர்மேல் டேப்பை வைத்துக் காட்டி எழுது. பட்டுப்புடவையோடு வந்த துணி என்றால் வெளிச்சத்தில் பிரித்து, கறை, ஜரிகை இழுப்பு இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே பார். கை பார்டர் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கேட்டு எழுதிய பிறகுதான் கத்தரி. ஆர்டர் சீட்டில் துணியின் சின்னத் துண்டு ஒன்றைப் பின் அடித்துவிடு.

காட்டன் லைனிங்கை முதல் நாள் ராத்திரி நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டச் சொல். நனைக்காமல் வெட்டினால் முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கும். மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். மெரூன், கறுப்பு லைனிங் என்றால் சாயம் போகிறதா என்று ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிடு. பக்கவாட்டுத் தையலில் ஒன்றரை இஞ்ச் துணி விட்டிருந்தால், இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்தவரை அன்றே பிரித்துக் கொடுத்து அனுப்பலாம்.

குறை சொல்லி வந்தால் "நீங்க குண்டாயிட்டீங்க" என்ற தொனியே வரக்கூடாதும்மா. "கொடுங்க, பார்க்கிறேன்" என்று வாங்கி, டேப் வைத்து, சீட்டோடு ஒப்பிட்டுப் பார். நம் தப்பு என்றால் இலவசம். துணியே பாழாகிவிட்டால் துணிக் காசையும் கொடு. வாடிக்கையாளர் எதிரில் டெய்லரை மட்டும் கூப்பிட்டுத் திட்டாதே.

கெட்டுப்போன பீஸுக்குக் கூலியைப் பிடிப்பது நிறையக் கடைகளில் உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. கூலியைப் பிடித்தால் தப்பை மறைப்பார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் அது வெளியே வரும். அதற்குப் பதில் ஒவ்வொரு ஆல்டரேஷனுக்கும் காரணத்தை நோட்டில் எழுது. ஒரே மாதத்தில் நாலு தடவை "அக்குள் பிடிக்குது" என்று இருந்தால் கோளாறு கட்டிங்கில், தைத்தவரிடம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்குப் போய்விட வேண்டும். கவுன்டர் பெண்ணுக்கு முதல் நாளே ஒரு ஸ்டூல் வாங்கிப் போடு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் நின்றுதான் வெட்டுவார், அவர் மேஜையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி அடித்துக் கொடு. குனிந்தே நின்றால் மத்தியானத்துக்கு மேல் கத்தரி தடுமாறும்.

இன்னொன்று, துணி ரேக்கின் அடித்தட்டு தரையிலிருந்து இரண்டடி மேலே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது ரேட் சீட்டை எழுதிக் கொண்டு வா, இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா