மெதுவாக ஓட்டுங்கள், அது மேக்ஸ்வெல் வகுத்த பாதை

டிசம்பர் விடுமுறையில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும் டெக்சாஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

இந்த வருடமும் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிட்டது. யார் வண்டியில் யார், புளியோதரை யார் பொறுப்பு, எந்த ஊரில் பெட்ரோல் போடுவது என்று எல்லாம் பேசியாகிவிட்டது. நான் கேட்பது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று. பூங்காவின் மேற்குப் பக்கத்தில், ரியோ கிராண்டே ஆற்றின் சாண்டா எலேனா பள்ளத்தாக்கு வரை போகும் 30 மைல் சாலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

போன வருடம் அந்தச் சாலையில் நாம் ஐந்து வண்டிகளில் போனோம். நடுவில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினோம், அதுவும் படம் எடுக்க. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஆற்றங்கரையில் போய் இறங்கியதும் ஒரு அக்கா, "இதுக்காகவா எட்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம்?" என்று கேட்டார். அவர் மீது தப்பில்லை. அந்தச் சாலை எதற்காகப் போடப்பட்டது என்று நம்மில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த ஆள் நான். அந்த உறுத்தல்தான் இந்த மடல்.

சாலையின் பெயர்ப்பலகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: ராஸ் மேக்ஸ்வெல் இயற்கை எழில் சாலை. ராஸ் மேக்ஸ்வெல் ஒரு நிலவியல் அறிஞர். பொருளாதார மந்தத்தில் நாடு கிடந்த காலத்தில், வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு ரூஸ்வெல்ட் அரசு காடுகளிலும் மலைகளிலும் பணி முகாம்கள் நடத்தியது. அப்படி ஒரு முகாம் சீசோஸ் மலைக்கு நடுவில் இருந்தது. இன்று நாம் வளைந்து வளைந்து இறங்கி அந்த மலைக்கிண்ணத்துக்குள் போகிறோமே, அந்த வழி அந்தப் பையன்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டியது. தேசியப் பூங்காத் துறையின் நிலவியலாளராக மேக்ஸ்வெல் 1936-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அப்போது பூங்கா என்பது காகிதத்தில்தான் இருந்தது. 1935-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்திருந்தது, ஆனால் நிலம் கைக்கு வரவில்லை. 1941-ல் டெக்சாஸ் அரசு 15 லட்சம் டாலர் ஒதுக்கிய பிறகே நிலத்தை வாங்கும் வேலை முழுவீச்சில் நடந்தது. இதற்கிடையில் மேக்ஸ்வெல் பாறைகளைப் படித்தார், வரைபடம் போட்டார், மாதிரிகள் சேர்த்தார். முகாமில் ஒரு சிறு அருங்காட்சியகமும் உருவானது. 1941 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் அது தீப்பிடித்து எரிந்துபோனது. இந்த ஒரு செய்தியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அத்தனை வருடம் வெயிலில் அலைந்து பொறுக்கியது ஒரே நாளில் சாம்பல். வேறு ஆளாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்.

1944 ஜூன் 12-ல் பிக் பெண்ட் தேசியப் பூங்கா பிறந்தது. அதன் முதல் கண்காணிப்பாளர் மேக்ஸ்வெல்தான். சிஹுவாஹுவா பாலைவனத்தில் ஏழு லட்சம் ஏக்கருக்கு மேல் ஒரு பூமி, அதைப் பார்த்துக்கொள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஆடுமாடுகள் மேய்ந்து மேய்ந்து பல இடங்களில் புல்லே இல்லாமல் போயிருந்தது. 1952 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

சரி, சாலைக்கு வருவோம். எங்கே எதைக் காட்ட வேண்டும் என்று ஒரு நிலவியலாளர் யோசித்து வகுத்த பாதை இது. ஆற்றுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வது அதன் நோக்கமே இல்லை.

முதலில் சாம் நெய்ல் என்பவரின் பழைய பண்ணை. இடிந்த மண்சுவரும் காற்றாலையும் மரநிழலும் இருக்கும். பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தால் பறவைகள் தாமாக வரும். அதைத் தாண்டியதும் ஜன்னல் வழியாகப் பாருங்கள், தரையிலிருந்து சுவர் போல நீண்ட பாறைகள் எழுந்து நிற்கும். யாரோ கட்டிப் பாதியில் விட்ட மதில் என்றே தோன்றும். பூமியின் விரிசலுக்குள் உருகிய பாறைக்குழம்பு ஏறி, அங்கேயே உறைந்து போனது. பக்கத்தில் இருந்த மென்மையான மண் காலப்போக்கில் கரைந்துவிட, உள்ளே உறைந்தது மட்டும் மிச்சம்.

பிறகு சாலை மேலே ஏறி சோடோல் விஸ்டா என்ற மேட்டில் நிற்கும். அங்கிருந்து தென்மேற்கே பார்த்தால், அடிவானத்தில் ஒரு நீண்ட மதில், அதில் கத்தியால் கீறியது மாதிரி ஒரு கோடு. அதுதான் சாண்டா எலேனா. பயணத்தின் முடிவை முதலிலேயே தூரத்திலிருந்து சின்னக் கீறலாகக் காட்டிவிட்டு, அப்புறம் கீழே இறக்கி ஒவ்வொரு பாறையாக நிறுத்தி நிறுத்திக் கூட்டிக்கொண்டு போகிறார் மனிதர். போன வருடம் நாம் இங்கே நிற்கவே இல்லை. கடைசியில் அந்தக் கீறலின் வாயில் நின்றபோது அது நமக்கு வெறும் உயரமான சுவராகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம் என்பேன்.

இறங்கும் வழியில் ஆட்டுமலை வரும். அதன் பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால், பழைய காலத்துப் பள்ளத்தாக்கு ஒன்று எரிமலைக் குழம்பாலும் சாம்பலாலும் நிரம்பி மூடிப்போன வெட்டுத்தோற்றம் தெரியும். ஒரு காலத்தில் பள்ளமாக இருந்தது இன்று மலையின் வயிற்றில் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், கேள்வி மேல் கேள்வி வரும். அடுத்து கோவேறு கழுதையின் காதுகள் போல இரண்டு கூர்முனைகள், அவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

டஃப் கேன்யனில் மட்டும் கட்டாயம் இறங்குங்கள். நடை குறைவுதான், பெரியவர்களும் மெதுவாக இறங்கலாம். டஃப் என்றால் எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லானது. கையை வைத்தால் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். நடுநடுவே வேறு பாறைத் துண்டுகள், அடையில் தெரியும் பருப்பு மாதிரி, அகப்பட்டுக் கிடக்கும். எரிமலை வெடித்தபோது சாம்பலோடு சேர்ந்து வந்து விழுந்தவை.

இங்கேதான் போன வருடம் நம் பையன் ஒருவன் ஒரு கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். நான் பார்த்தேன், திருப்பி வைக்கச் சொன்னேன். அவன் அப்பா, "சின்னக் கல்தானே அண்ணா, விடுங்க" என்றார். தம்பி, உங்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் தேசியப் பூங்காவில் கல் எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, ஒரு கல் கிடக்கிற இடமும் அந்தக் கல் சொல்கிற செய்தியில் ஒரு பாகம். நம் வீட்டு ஷோகேஸில் அது வெறும் கல்.

கடைசியில் ஆற்றங்கரை. ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டியிருக்கும், மாற்றுச் செருப்பு எடுத்து வாருங்கள். சுமார் 1,500 அடிக்கு நேராக எழும் சுண்ணாம்புப் பாறை. ஆற்றுக்கு எதிர்ப்புறச் சுவர் மெக்சிகோ, நாம் நிற்கும் சுவர் அமெரிக்கா. இந்தப் பாறை முழுக்க ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறு. நடைபாதையோரம் பொறுமையாகத் தேடினால் சிப்பிகளின் உருவம் கல்லாகத் தென்படும். தொட்டுப் பாருங்கள், எடுக்க வேண்டாம். இன்னொன்று: அந்த மதில் அங்கே திடீரென்று முடிவதற்குக் காரணம் நிலப்பிளவு. ஒரு பக்கம் உயர்ந்தது, மறுபக்கம் தாழ்ந்தது. நாம் வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கீழே, வெகு ஆழத்தில், அதே சுண்ணாம்புப் பாறை புதைந்து கிடக்கிறது.

பூங்காவை விட்ட பிறகு மேக்ஸ்வெல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நிலவியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1968-ல் அந்த ஆய்வகம் வெளியிட்ட அவருடைய வழிகாட்டி நூல் என்னிடம் இருக்கிறது. பாறைகளோடு அங்கே குடியிருந்த மனிதர்களையும் அதில் எழுதியிருக்கிறார். எனக்கு அவர் மீது மரியாதை கூடியது இதனால்தான். பூங்காவுக்காக நிலத்தை விட்டுப் போனவர்களில் பலர் மனசில்லாமல்தான் போனார்கள். அந்தக் குடும்பங்களின் கதையும் பாறையின் கதையும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. 1993-ல் அவர் காலமானார்.

ஆகவே என் கோரிக்கை இது. இரண்டாம் நாள் காலை ஏழரைக்குச் சாம் நெய்ல் பண்ணையில் எல்லா வண்டிகளும் கூடுவோம். ஆறு நிறுத்தங்கள், ஆற்றங்கரைக்கு மாலை மூன்று மணி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பிள்ளை தமிழில் இரண்டு நிமிடம் பேசட்டும். பாறைக்குழம்பு, சாம்பல்கல், நிலப்பிளவு, சிப்பி என்று தேவையான சொற்களை எழுதித் தருகிறேன். வழிகாட்டி நூலையும் கொண்டு வருகிறேன், வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ளலாம். சோடோல் விஸ்டாவில் பேச யாருடைய பிள்ளை வருகிறது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மூன்றாவது வண்டியில் வருகிற உங்கள் அண்ணன்