2025–26 ஆண்டறிக்கை: ஹியூ தாம்சனை நினைத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முன்னாள் படைவீரர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சகோதரிகளே, அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் முன்னாள் படைவீரர் சங்கத்தின் 2025–26ஆம் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன். வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. டிசம்பர் 7 கொடி நாள் வசூலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றோம். நவம்பர் மாதம் முழுவதும் நம் அறையில் பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட் பதிவு நடந்தது. கைரேகை தேய்ந்துபோன பெரியவர்களுக்கு, முகத்தை போனில் படம்பிடிக்கும் முறையில் நம் பிள்ளைகளே பதிவு செய்துகொடுத்தார்கள். நடக்க முடியாதவர்களின் வீடு தேடியும் போனார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரத்தை ஜனவரி மாதம் நடந்த ஹியூ தாம்சன் நினைவுக் கூட்டத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். வர முடியாத உறுப்பினர்கள் பலர், அதில் பேசியதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

நம் சங்கத்தில் ஆர்மி ஏவியேஷனில் வேலை பார்த்தவர்கள் சிலர் இருக்கிறோம். பீரங்கிப் படையின் கீழ் இருந்த வான்பிரிவு 1986 நவம்பர் 1 அன்று தனிப் படைப்பிரிவானது. அதனால் ஒவ்வொரு நவம்பர் 1ஆம் தேதியும் நாங்கள் ஒரு டீயாவது சேர்ந்து குடிப்போம். இந்த முறை அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஹியூ தாம்சனின் பெயர் வந்தது. அமெரிக்கத் தரைப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டி, மேஜராக ஓய்வு பெற்றவர். 2006 ஜனவரி 6 அன்று இறந்தார். இந்த ஜனவரியோடு இருபது ஆண்டுகள். அவரைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தோம்.

அமெரிக்கக்காரருக்கு நாம் ஏன் கூட்டம் போட வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சீருடை போட்ட எந்த நாட்டுக்காரனுக்கும் வரக்கூடிய சோதனை அவருக்கு வந்தது, அதில் அவர் என்ன செய்தார் என்பதை நம் பிள்ளைகள் படையில் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்று பதில் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அதே ஐயாதான் முதலில் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தாம்சன் 1943இல் அட்லாண்டாவில் பிறந்தவர். ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்டோன் மவுண்டன் என்ற ஊரில் வளர்ந்தார். முதலில் கடற்படையின் கட்டுமானப் பிரிவில் இருந்தார். அது முடிந்து ஊர் திரும்பியவர் இறுதிச் சடங்கு நடத்தும் தொழிலுக்கு லைசென்ஸ் எடுத்தார். வியட்நாம் போர் சூடுபிடித்தபோது வீட்டில் இருக்க மனம் ஒப்பவில்லை. 1966இல் தரைப்படையில் சேர்ந்து ஹெலிகாப்டர் பயிற்சி பெற்றார். 1967 டிசம்பரில் வியட்நாம் போய்ச் சேர்ந்தார்.

அவர் ஓட்டியது ஹில்லர் கம்பெனியின் ஓஎச்-23. மூன்று பேர் உட்காரும் சின்ன ஹெலிகாப்டர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நான் சீட்டா ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன். அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே தரை ஓடுவது வரைக்கும் தெரியும். தாம்சனுக்குக் கொடுத்த வேலை, காலாட்படைக்கு முன்னால் மரத்தை உரசுகிற உயரத்தில் பறந்து எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று பார்ப்பது. எதிரி சுட்டால்தான் இருக்கும் இடம் தெரியும், அதாவது குண்டைத் தன் மேல் வாங்குவதே வேலையில் ஒரு பகுதி. பாதுகாப்புக்கு இரண்டு ஹூயி ஹெலிகாப்டர்கள் ஆயுதத்தோடு மேலே பறக்கும். கீழே பறப்பவனுக்கு மனித முகங்கள் தெரியும். அன்று நடந்ததை அவர் உடனே புரிந்துகொண்டதற்கு அந்த உயரமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1968 மார்ச் 16, காலை. குவாங் ஙாய் மாகாணத்தில் சோன் மை கிராமம். அதில் ஒரு குடியிருப்பைத்தான் அமெரிக்கர்கள் மை லாய் என்று குறித்திருந்தார்கள். அமெரிக்கத் தரைப்படையின் சார்லி கம்பெனி என்ற காலாட்படைப் பிரிவு அங்கே இறங்கியது. எதிரியின் ஒரு பட்டாலியன் அங்கே இருப்பதாகத் தகவல். உள்ளே போனால் எதிர்த்துச் சுட ஆளில்லை. இருந்தவர்கள் கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். அவர்களைத்தான் சுட்டார்கள். வியட்நாம் நினைவுச் சின்னத்தில் 504 பெயர்கள் இருக்கின்றன. அமெரிக்கத் தரைப்படையின் கணக்கு 347.

தாம்சனோடு இருந்தவர்கள் இரண்டு பேர். கிளென் ஆண்ட்ரியோட்டாவுக்கு வயது 20, லாரன்ஸ் கோல்பர்னுக்கு 18. தாம்சனுக்கே 25 நிறையவில்லை. அடிபட்டுக் கிடந்தவர்களைப் பார்த்ததும், மருத்துவ உதவி வரட்டும் என்று பச்சைப் புகை போட்டு இடத்தைக் காட்டினார்கள். எரிபொருள் நிரப்பித் திரும்பி வந்தால், புகை போட்ட இடத்தில் இருந்தவர்கள் பிணமாகக் கிடந்தார்கள். பாசன வாய்க்கால் ஒன்றில் உடல்கள் குவிந்திருந்தன, சில அசைந்தன. தாம்சன் இறங்கிப்போய், இவர்களுக்கு உதவக்கூடாதா என்று அங்கிருந்த லெப்டினன்ட் வில்லியம் காலியிடம் கேட்டார். உன் வேலையைப் பார் என்கிற பதில்தான் கிடைத்தது. அவர் கிளம்பிய கையோடு வாய்க்காலுக்குள் மறுபடி சுட்டார்கள்.

அதற்கப்புறம் அவர் செய்ததற்காகத்தான் இந்தக் கூட்டமே. ஒரு பதுங்குகுழிக்குள் ஊர் மக்கள் ஒளிந்திருப்பதும், அதை நோக்கி அமெரிக்க வீரர்கள் வருவதும் மேலிருந்து தெரிந்தன. இரண்டுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். வந்த அதிகாரியிடம், உள்ளே இருப்பவர்களை வெளியே கொண்டுவர உதவுங்கள் என்றார். கையெறி குண்டுதான் வழி என்று பதில் வந்தது. தாம்சன் தன் ஆட்கள் இருவரிடமும், நான் இவர்களை வெளியே அழைத்து வரும்போது நம் ஆட்கள் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று சொல்லிவிட்டு, பதுங்குகுழியை நோக்கித் தனியாக நடந்தார்.

பத்துப் பேர் அளவில் வெளியே வந்தார்கள். மூன்று பேர் உட்காரும் ஹெலிகாப்டரில் அவர்களை ஏற்ற முடியாது. மேலே காவல் பறந்த ஹூயியை ரேடியோவில் கூப்பிட்டார். போர் நடக்கும் இடத்தில் ஆயுத ஹெலிகாப்டரைத் தரையிறக்கி ஊர் மக்களை ஏற்றுவது வழக்கமே இல்லாத வேலை. அந்த விமானிகள் தயங்காமல் செய்தார்கள். அவர்களையும் நாம் மறக்கக்கூடாது. பிறகு தாம்சன் மறுபடியும் வாய்க்காலுக்கு வந்தார். ஆண்ட்ரியோட்டா உடல்களுக்கு நடுவே இறங்கி, உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். குழந்தையைக் குவாங் ஙாய் மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தளத்துக்குத் திரும்பிய தாம்சன், கண்டதை எல்லாம் கோபத்தோடு மேலதிகாரிகளிடம் சொன்னார். சுடுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனதற்கு அந்தப் புகாரே காரணம். மூன்றே வாரத்தில், ஏப்ரல் 8 அன்று, ஆண்ட்ரியோட்டா போரில் இறந்துவிட்டார்.

உத்தரவை மீறலாமா என்ற கேள்வி கூட்டத்தில் வந்தது. நல்ல விவாதம் நடந்தது. தாம்சனுக்கு யாரும் அன்று தடுப்பு உத்தரவு கொடுக்கவில்லை, ஆனால் அவர் வாரண்ட் ஆபீசர், எதிரே நின்றவர்கள் ரேங்கில் மேல். லெப்டினன்ட் காலி, இந்தக் கொலைகளுக்காகத் தன் மேல் நடந்த வழக்கில், மேலே இருந்து வந்த உத்தரவுப்படி செய்தேன் என்றார். ராணுவ நீதிமன்றம் அதை ஏற்காமல் 1971இல் அவரைக் குற்றவாளி என்றது. நம் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41ஆவது பிரிவைச் சட்டம் தெரிந்த உறுப்பினர் எடுத்து வாசித்தார். மேலதிகாரியின் சட்டப்படியான உத்தரவை மீறுவதுதான் அங்கே குற்றம். ‘சட்டப்படியான’ என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளச் சொல்லி, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நகல் கொடுத்தோம்.

தாம்சனுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல எனக்கு மனசு வலிக்கிறது. முதலில் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். கடுமையான துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே சிக்கிய குழந்தையைக் காப்பாற்றினார் என்று அதில் எழுதியிருந்தது. நடக்காத சண்டை. அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். தொடர்ந்து பறந்தார், ஒரு விபத்தில் முதுகெலும்பு முறிந்தது. 1969இல் விஷயம் உலகத்துக்குத் தெரிந்ததும் சாட்சி சொல்ல அழைத்தார்கள், சொன்னார். தண்டிக்கப்பட வேண்டியவர் தாம்சன்தான் என்று நாடாளுமன்ற ராணுவக் குழுவின் தலைவர் மெண்டல் ரிவர்ஸ் வெளிப்படையாகப் பேசினார். போனில் கொலை மிரட்டல் வந்தது. காலையில் வாசலைத் திறந்தால் வெட்டிப்போட்ட விலங்குகள் கிடந்தன. சொந்த நாட்டுக்காரர்கள் செய்தது இது. அப்படியும் படையை விட்டுப் போகாமல் 1983 வரை பணியாற்றித்தான் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின் மெக்ஸிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டினார். பிறகு லூயிசியானா மாநிலத்தில் லாஃபயட் ஊரில், முன்னாள் படைவீரர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் உட்கார்ந்தார். சலுகைக்கான காகிதம் எழுதிக்கொடுப்பது, போர் நினைவில் தூக்கம் கெட்டவர்களின் பேச்சைக் கேட்பது எல்லாம் அதில் வரும். நம் அறையில் நாம் செய்யும் வேலைதான். பதுங்குகுழிக்கு முன் நின்றது ஒரு காலை நேரம், இது பல வருட உழைப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

பேராசிரியர் டேவிட் ஈகன் ஓர் ஆவணப்படத்தில் அவரைப் பார்த்துவிட்டு, அதிகாரிகளுக்கு விடாமல் கடிதம் எழுத ஏற்பாடு செய்தார். கடைசியில் 1998 மார்ச் 6 அன்று, வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவர் அருகே மூவருக்கும் சோல்ஜர்ஸ் மெடல் கொடுத்தார்கள், ஆண்ட்ரியோட்டாவுக்கு மறைவுக்குப் பின். எதிரியோடு மோதாத வீரச் செயலுக்கான பதக்கம் அது. விழா பொது இடத்தில் நடக்க வேண்டும், கூட இருந்த இருவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதில் தாம்சன் உறுதியாக இருந்தார். இது நடக்க முப்பது வருடம் ஆகியிருக்கக்கூடாது.

அதே மாதம் அவரும் கோல்பர்னும் மை லாய் போனார்கள். உயிர் பிழைத்த ஒரு பெண், எங்களைச் சுட்டவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை, வந்திருந்தால் மன்னித்திருப்போமே என்றாராம். அவர்களை மன்னிக்க எனக்கு மனம் வராது என்று தாம்சன் பிறகு சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் கூட்டத்தில் பலர் கண் கலங்கினார்கள். வாய்க்காலிலிருந்து மீட்ட குழந்தை பெரியவனாகி அவர்களைச் சந்தித்தது 2001இல். தாம்சன் புற்றுநோயில் இறந்தபோது கோல்பர்ன் பக்கத்தில் இருந்தார். லாஃபயட்டில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள், ஹெலிகாப்டர்கள் மேலே பறந்தன. கோல்பர்ன் 2016இல் காலமானார்.

இந்தக் கூட்டத்தைத் தொடர்ந்து செயற்குழு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஓட்டமும் கணக்கும் சொல்லிக்கொடுப்பதோடு, ஜெனீவா ஒப்பந்தங்கள், ராணுவச் சட்டம் பற்றி மாதம் ஒரு வகுப்பு நடத்துவது. ஞாயிறு காலையில், களத்தில் இருந்து வந்த மூத்தவர் ஒருவர் நம் அறையில் உட்கார்ந்து, தூக்கம் வராமலும் குடியில் சிக்கியும் தவிக்கும் உறுப்பினர்களிடம் தனியாகப் பேசுவது. வருபவர் பெயர் எந்த நோட்டிலும் ஏறாது. வீட்டில் யாராவது அப்படி இருந்தால் அண்ணிமார்கள், அக்காக்கள் தயங்காமல் கூட்டி வாருங்கள். மருத்துவம் தேவைப்பட்டால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டு வழியாக எங்கே காட்டுவது என்பதையும் நாங்களே விசாரித்துச் சொல்கிறோம்.

இந்த ஆண்டில் மறைந்த உறுப்பினர்களுக்காக இப்போது ஒரு நிமிடம் எழுந்து நிற்க வேண்டுகிறேன். அதன் பிறகு பொருளாளர் கணக்கை வாசிப்பார். இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

நன்றி. ஜெய் ஹிந்த்.

செயலாளர்