டைம்ஷீட்டில் எட்டு

சோழிங்கநல்லூர், சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. நிவேதா பிளஸ் டூ, அதனால் வீட்டில் சத்தமாகப் பேசத் தடை. மெட்ரோ வேலை நடப்பதால் ஓ.எம்.ஆரில் நாலு கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம். சுமதி வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்கு நீ வராததை அவள் இன்னும் மறக்கவில்லை. பஞ்சு சார் வந்திருந்தார். அதே லிஃப்ட் கதை, இந்த முறை இரண்டு மாடி கூடியிருந்தது. உன் பெயர் வரும் இடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ தப்பித்தாய்.

சரி, நான் உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல. வாட்ஸ்அப்பில் தட்டிப் பார்த்தேன், முடியவில்லை.

அருணைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். என் டீமில் இருக்கும் செஞ்சிப் பக்கத்துப் பையன், 26 வயது, கேட்டால் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வான், பதில் சரியாக இருக்கும். எங்கள் சாஃப்ட்வேர் ரிலீஸ் 11 வாரம் இழுத்தது. கடைசியில் ஒரு ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு ப்ரொடக்‌ஷனுக்கு, அதாவது நிஜப் பயன்பாட்டுக்குப் போனது. அந்த வியாழக்கிழமையே கூட்டம் போட்டு அருணுக்கு விருது கொடுத்தார்கள். பெயர் அச்சடித்த ஒரு காபிக் கோப்பை, 1,000 ரூபாய் கிஃப்ட் கார்டு, ஒரு போட்டோ. எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

மறுநாள் மதியம் என் இடத்துக்கு வந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தான். புது வருஷத்துக்கு உரக்கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. அட்டையில் நெல் கதிர் படம். அவன் அப்பாவுக்குக் கொடுத்ததாம். உள்ளே நீல மையில் ஒவ்வொரு நாளும் வந்த நேரம், போன நேரம். சனி, ஞாயிறும் விடாமல். ஒரு பக்கத்தில் நேரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘அப்பா கண் ஆபரேஷன். போகல’ என்று இருந்தது. அன்றைக்கு அவன் காலை ஒன்பதரைக்கு வந்து இரவு பதினொன்றே காலுக்குப் போயிருக்கிறான்.

“அக்கா, நான் காசு கேட்டு வரல. இந்த நேரமெல்லாம் ஆபீஸ்ல எங்கயாவது எழுதியிருக்கான்னு மட்டும் சொல்லுங்க” என்றான்.

எங்கேயும் எழுதவில்லை, கலா. டைம்ஷீட்டில், அதாவது ஆபீஸில் வேலை நேரம் பதியும் பட்டியலில், திங்கள் எட்டு, செவ்வாய் எட்டு, புதன் எட்டு, வியாழன் எட்டு, வெள்ளி எட்டு. ஒன்பதுக்கு மேல் போட்டால் கட்டம் சிவப்பாகி ஏற்றுக்கொள்ளாது. சனி, ஞாயிறு சாம்பல் நிறத்தில் பூட்டியே இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்கு அப்ரூவல் கொடுப்பது நான்தான். ஏழு பேர், 11 வாரம். 77 தடவை பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பையன் கேட்கும்வரை அது எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த டைரியைக் கூட்டினோம். சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு, வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனதை மட்டும் எடுத்தோம். 154 மணி நேரம். சராசரியாக வாரத்துக்கு 62 மணி நேரம் உழைத்திருக்கிறான். 48 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் அதுதான் இருக்கிறது: நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. கூடுதல் வேலையோடு சேர்த்தும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதலுக்கு இரண்டு மடங்கு கூலி. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அதனால் எனக்கு இல்லை. அருணுக்குக் கீழே ஒரு ஆள்கூட வேலை செய்யவில்லை. அவன் எந்த நிர்வாகத்தில் சேர்த்தி? அரசு நினைத்தால் விலக்குக் கொடுக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதைக் காட்டி எச்.ஆரில் பேசுவார்கள், பேசட்டும். நியாயம் எது என்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டும் இல்லையா, எனக்கு இது போதும்.

அவன் மாதச் சம்பளம் 42,000. 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 202 ரூபாய். இரண்டு மடங்கு 404. 154 மணி நேரத்துக்கு 62,000 ரூபாயைத் தாண்டுகிறது. கிடைத்தது 1,000 ரூபாயும் ஒரு கோப்பையும். இதைவிட என்னை உலுக்கியது இன்னொரு கணக்கு. சட்டம் விடும் 6 மணி நேரத்தை 11 வாரமும் முழுசாக எடுத்தால்கூட 66தான் வரும். மீதி 88 மணி நேரம் காசு கொடுத்தும் வாங்கக் கூடாத நேரம். அதைச் சும்மா வாங்கியிருக்கிறோம்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது நீ கோபமாக எழுதினாய். அதே வருஷம் ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர மசோதா சட்டசபையில் நிறைவேறி, மே முதல் தேதி சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சரே அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். அப்போது நீ, ‘அது ஃபாக்டரிக்குத்தானே, உனக்கென்ன’ என்று கேட்டாய். நானும் ஆமாம் என்றேன். எங்கள் கட்டடத்தில் எந்த மசோதாவும் இல்லாமலே 12 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவின் தகரப் பெட்டியைப் போன வாரம் கீழே இறக்கினேன். ரேஷன் கார்டுகளுக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஓ.டி. (ஓவர்டைம்) சிலிப்புகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த காலத்தது. ஊதா பென்சிலில் டைம்கீப்பர் எழுதிய மணிக்கணக்கு, ஓரத்தில் ஃபோர்மேனின் கோணல் கையெழுத்து. ரப்பர் பேண்ட் தொட்டவுடன் அறுந்துவிட்டது. 1996 செப்டம்பர் சிலிப்பில் 22 மணி நேரம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதக் காசில்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தார். உனக்குக் காலையில் பரீட்சை, எனக்கு மதியம். நீ ஹாலை விட்டு ஓடி வந்து கையில் திணிப்பாய், உன் கை வியர்வையோடு. நாம் இரண்டு பேரும் எஞ்சினியர் ஆனது அப்பாவின் இரட்டைக் கூலியில். தொழிற்சாலைச் சட்டம் 1948-ல் அவருக்கு அது எழுதி வைத்திருந்தது. மகளுக்கு ஏசி அறையும் அடையாள அட்டையும் கிடைத்தது, அந்தச் சிலிப் கிடைக்கவில்லை.

அப்பா ஒன்று சொல்வார்: “ஓ.டி. ஏறினா மேனேஜர் ஃபோர்மேனைத்தான் புடிப்பாரு.” சின்ன வயதில் அது என்னவென்று புரியவில்லை. இப்போது புரிகிறது. ஓ.டி.க்குக் காசு போவதால் ஃபோர்மேன் முதலிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பார்: இந்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை ஷிஃப்ட், உண்மையிலேயே இன்றைக்கு முடிக்க வேண்டுமா. எங்களிடம் அந்தக் கேள்வியே எழவில்லை. இந்த ப்ராஜெக்ட்டுக்கு என் டீம் கொடுத்த எஸ்டிமேட் ஒன்பது மாதம். கிளையன்ட்டைப் பிடிக்க ஆறு மாதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஃபிக்ஸட் பிட், அதாவது மொத்தத் தொகை பேசி முடித்தாகிவிட்டது. எத்தனை மணி நேரம் ஆனாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் வராது. குறைத்த மூன்று மாதமும் எங்கே போகும்? அருணின் ஞாயிற்றுக்கிழமையில் வந்து உட்கார்ந்தது. அவன் நேரத்துக்கு விலை இருந்திருந்தால், ஆறு என்று எழுதிய கை ஒரு நிமிஷம் நின்றிருக்கும். இரட்டைக் கூலியை இத்தனை நாள் உழைத்தவனுக்குக் கிடைக்கும் பலனாக மட்டும் பார்த்தேன். அது மேலே இருப்பவர்களுக்குப் போடும் கடிவாளமும்கூட.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். காசு கொடுத்தால் வேலையை இழுத்துப் போடுவார்கள் என்பாய். இழுத்தால் ஃபோர்மேன் கையெழுத்துப் போட மாட்டாரே. முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் இருக்க வேண்டும் என்று வைத்தால் போயிற்று. சம்பளமே லட்சத்தில் வருகிறதே என்பாய். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வருஷத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்பது பத்து வருஷத்துக்கு மேலாகப் பெரிதாக ஏறவே இல்லை. உன் மாணவர்களையே கேள்.

அப்ரைசலில், அதாவது வருஷ மதிப்பீட்டில், பார்த்துக்கொள்வோம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதுதான் ஆகவே ஆகாது. தீபா தெரியும் அல்லவா, குழந்தையை க்ரெஷ்ஷிலிருந்து கூட்டிப் போக ஆறு மணிக்குக் கிளம்புவாள். அவள் எழுதிய கோடில் அந்த 11 வாரத்தில் இரண்டே பக் (பிழை). ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்கள் சரிசெய்ததில் பாதி, அவர்களே முந்தின ராத்திரி தூக்கக் கலக்கத்தில் போட்ட தப்பு. ரேட்டிங் யாருக்குக் கூடும் என்று நீயே சொல். உட்கார்ந்த நேரத்துக்கு ரேட்டிங் என்று வந்துவிட்டால் நாளைக்குத் தீபாவும் உட்காருவாள். கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுத்துக் கணக்கை அங்கேயே தீர்த்துவிட வேண்டும். ரேட்டிங் வேலையின் தரத்துக்கு. இரண்டையும் கலந்தால் இருவருக்கும் அநியாயம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட 55 அல்லது அதற்கு மேல் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். அருண் 62. ரவிக்கு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி, ‘லீவு 40 நாள் மிச்சம் இருக்கு’ என்று என்னிடம் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நான் செய்தது இதுதான். ஏழு பேரிடமும் நேரம் கேட்டு வாங்கி ஒரே தாளில் எழுதினேன். ஏற்கெனவே உழைத்ததற்கு இரட்டைக் கூலி, அது முடியாதென்றால் மணிக்கு மணி காம்ப்-ஆஃப் (ஈடாகத் தரும் லீவு), அதுவும் 60 நாளில் காலாவதி ஆகாத காம்ப்-ஆஃப்; இனிமேல் டைம்ஷீட்டில் உண்மையான நேரம். மேலே அனுப்பினேன். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். அருணுக்கு மட்டும் எட்டு நாள் லீவு தருகிறோம், தனிப்பட்ட ஏற்பாடு, மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார்கள். மற்ற ஆறு பேரின் நேரமும் இதே தாளில் இருக்கிறதே என்றேன். ‘நீங்கள் நிர்வாகத்தில் இருப்பவர், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பதில். ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, நிவேதா காலேஜ் இருக்கிறது. எனக்குப் பயம் இல்லை என்று உன்னிடம் சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

அருணிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். எட்டு நாளையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போ, அப்பா கண்ணைப் பார் என்றேன். “மத்தவங்களுக்கு, அக்கா?” என்றான். அதற்குத்தான் இந்த வாரம் வெள்ளிக்கிழமை காத்திருக்கிறேன். ஆறு பேரும் தாங்கள் உழைத்த நேரத்தைக் குறிப்புக் கட்டத்தில் எழுதப் போகிறார்கள். சிவப்புக் காட்டினாலும் அதன் கீழேதான் நான் அப்ரூவல் கொடுப்பேன், குறிப்பு இல்லாமல் வெறும் எட்டு எட்டாக இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

உன்னிடம் ஒரு வேலை. உன் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு கேம்பஸ் இன்டர்வியூ முடிந்ததும் ஆளுக்கொரு சின்ன டைரி வாங்கச் சொல். சேர்ந்த முதல் நாளிலிருந்து வந்த நேரம், போன நேரம் எழுதட்டும். நீ சொன்னால் கேட்பார்கள், நீதான் வருகைப் பதிவுக்கு ஒரு நிமிஷம் தாமதமானாலும் விடாத ஆள் ஆயிற்றே.

பழைய பெட்டியில் கால்குலேட்டரும் இருந்தது. ‘7’ மட்டும் அழுந்தவில்லை. பாட்டரி போட்டதும் மற்றதெல்லாம் வேலை செய்கிறது. கொலுவுக்கு வந்தால் காட்டுகிறேன். அம்மா உனக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று சனிக்கிழமை எழுதுகிறேன், இந்தத் தடவை இரண்டு மாதம் ஆகாது.

உன்
வசந்தி