செயலாளர் ஆண்டறிக்கை 2024: மேட்ச் பணமும் நம் சங்கத்தின் நிலைப்பாடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மெல்பர்ன் மேற்குப் புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆதரவாளர் சங்கத்துடைய 2024ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஜனவரியில் பொங்கல் சந்திப்பு நடந்தது. ஏப்ரலில் பிள்ளைகளுக்கான பந்துப் பயிற்சி நடந்தது. ஜூலைச் சுற்றுலா மழையால் நின்றுபோனது. தீபாவளி விருந்து வழக்கம்போல நடந்தது. சமையல் பொறுப்பை ஏற்ற குடும்பங்களுக்கு நன்றி. செயற்குழு தவறாமல் கூடியது. வருகைப் பதிவேட்டைப் பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது அதில் இருக்கிறது.

செப்டம்பரில் நடந்ததை மட்டும் ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. ஐகான் பார்க் மைதானத்தில் நடந்த விஎஃப்எல் (ஏஎஃப்எல் என்ற தேசிய மேல்நிலை லீக்குக்கு அடுத்த இரண்டாம் நிலைப் போட்டி) இறுதிப்போட்டியில் வெரிபீ அணி சவுத்போர்ட்டை வென்றது. 1993க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை இது. நம்மில் வில்லியம்ஸ்டவுன் ஆதரவாளர்களும் உண்டு, ஃபுட்ஸ்கிரே ஆதரவாளர்களும் உண்டு. அன்று எல்லோரும் ஒன்றாகத்தான் கத்தினோம். மோதிய இரண்டு அணிகளும் ஏஎஃப்எல் கிளப் எதனுடைய நிழலிலும் இல்லாத தனிக் கிளப்கள். இதே போட்டியில் ஆடும், ஏஎஃப்எல் கிளப்களின் ரிசர்வ் அணிகளில் பாதிப் பேருக்கு மேல் ஏஎஃப்எல் ஒப்பந்தத்தில் முழுநேரச் சம்பளம் வாங்குபவர்கள். அவர்களை எதிர்த்து ஆடும் தனிக் கிளப் பையன் பகலில் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டோ, பிளம்பிங் வேலை பார்த்துவிட்டோ இரவில் பயிற்சிக்கு வருகிறவர். அப்படிப்பட்ட இரண்டு கிளப்கள் கடைசி நாள் வரை வந்ததை நம் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள்.

இனி, இந்த ஆண்டு சங்கத்துக்குள் வருத்தத்தை உண்டாக்கிய விஷயத்துக்கு வருகிறேன். பலர் பலவிதமாகப் பேசிக்கொண்டிருப்பதால் முழுதாக எழுதிவிடுவதே நல்லது.

ஜூன் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். நாம் ஆதரிக்கும் கிளப் ஒன்றின் இளம் வீரரைக் கிராமப்புற லீக் கிளப் ஒன்று அதிகப் பணம் சொல்லி அழைக்கிறது. அவர் போகாமல் இருக்க நாம் வசூல் செய்து ஒவ்வொரு உள்ளூர் மேட்சுக்கும் ஒரு கவர் கொடுக்கலாம் என்றார்கள். (வீரரின் பெயரையும் கிளப்பின் பெயரையும் இங்கே எழுதவில்லை.) நான் மறுத்தேன். “நம்ம காசு சார், யாருக்குக் குடுத்தா என்ன?” என்று ஒருவர் கேட்டார். அன்று கூட்டம் அதோடு கலைந்துவிட்டதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

சம்பள உச்சவரம்பு (ஒரு கிளப் தன் வீரர்களுக்கு மொத்தம் எவ்வளவு தரலாம் என்ற எல்லை) உள்ள போட்டியில், கிளப்பின் கல்லாவிலிருந்து போவதை மட்டும் சம்பளமாக எண்ணினால் அந்த வரம்புக்குப் பொருளே இல்லை. கிளப்போடு தொடர்புள்ள ஆதரவாளரோ ஸ்பான்சரோ ஒரு வீரருக்குப் பணமாக, வாடகையாக, பெயரளவு வேலையாகக் கொடுப்பதும் கணக்கில் வர வேண்டியதுதான். மறைத்துக் கொடுத்தால் அகப்படுவது கவர் கொடுத்தவர் அல்ல, கிளப். 2002இல் ஏஎஃப்எல்லின் கார்ல்டன் கிளப்புக்கு நேர்ந்ததை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உச்சவரம்பைத் தாண்டி மறைவாகக் கொடுத்ததற்காக 9 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது. டிராஃப்டில், அதாவது புது வீரர்களைக் கிளப்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், முதல் வாய்ப்புகளும் பறிபோயின. அந்தக் கிளப் அடுத்த பல ஆண்டுகள் தலையெடுக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய கிளப்புக்கே அந்தக் கதி என்றால், இரண்டாம் நிலைக் கிளப் ஒன்று அப்படி ஓர் அடியைத் தாங்குமா? ஃபிராங்க்ஸ்டன் 2016இல் கடன் சுமையால் உரிமத்தையே இழந்து, 2018இல்தான் திரும்பி வந்தது. அதற்கு முன் 1994 சீசனோடு ஓக்லி, பிரான், டான்டெனாங் ஆகிய கிளப்கள் இந்தப் போட்டியிலிருந்தே போய்விட்டன. நாம் அன்பாகக் கொடுக்கும் கவர் ஒரு கிளப்பை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடக் கூடாது. மறுத்ததற்குக் காரணம் இதுதான். யார் மீதும் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது.

ஆனால் அந்த உறுப்பினர்களின் ஆதங்கம் நியாயமானது. அதனால்தான் வேண்டாம் என்று சொன்னதோடு நிற்காமல், இரண்டாம் நிலை வீரர்களின் ஊதியம் குறித்த சங்கத்தின் கருத்துரையைத் தயாரிக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான வேலை அதுதான் என்பது என் எண்ணம். அதன் சாரத்தைச் சொல்கிறேன்.

வீரருக்குப் பணம் கொடுப்பதை மேல்நிலை லீக் (பின்னாளில் ஏஎஃப்எல் ஆனது) 1911இல்தான் வெளிப்படையாக அனுமதித்தது. 1930இல் கூல்டர் விதி வந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் ஒரு மேட்சுக்கு 3 பவுண்டுதான். அந்த வரம்பு அன்றைய இரண்டாம் நிலைப் போட்டியான விஎஃப்ஏவுக்கு (இன்றைய விஎஃப்எல்) வாய்ப்பாக அமைந்தது. 1938இல் அது வீரர் மாற்றம் பற்றிய பழைய ஒப்பந்தங்களை உதறிவிட்டு, பந்தைக் கையால் எறியவும் அனுமதித்து, நட்சத்திரங்களை இழுக்கத் தொடங்கியது. சவுத் மெல்பர்னின் லாரி நாஷ் அதே 1938இல் விஎஃப்ஏவின் கேம்பர்வெல்லுக்குப் போனார். காலிங்வுட்டின் ரான் டாட் 1940இல் நம் பக்கத்து வில்லியம்ஸ்டவுனுக்கு வந்தார். 1945இல் ஒரே சீசனில் 188 கோல் அடித்தார், கோப்பையும் வில்லியம்ஸ்டவுனுக்குத்தான். மேலே வரம்பு போட்டார்கள், ஆள் கீழே வந்தார்.

இன்று நிலைமை தலைகீழ். 1987இல் ஒரு கிளப்புக்கு 12.5 லட்சம் டாலர் என்று தொடங்கிய மேல்நிலை உச்சவரம்பு ஒரு கோடி டாலரை எப்போதோ தாண்டிவிட்டது. இரண்டாம் நிலையின் வரம்போ அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாத அளவுக்குச் சிறியது. ரிசர்வ் அணியின் பெரும்பாலான வீரர்களின் சம்பளம் மேல்நிலை ஒப்பந்தத்தில் போய்விடுகிறது. தனிக் கிளப் தன் சிறிய வரம்புக்குள் அணி முழுவதையும் ஓட்ட வேண்டும். கீழேயும் போட்டி இருக்கிறது. விக்டோரியாவின் உள்ளூர் லீக்குகளில் 2016இல் வீரர் புள்ளி முறையும் (ஒவ்வொரு வீரருக்கும் புள்ளி வைத்து, அணியின் மொத்தத்துக்கு வரம்பு போடுவது) 2017இல் சம்பள வரம்பும் வந்தன. அப்படியும் வாரத்துக்கு ஒரு மேட்ச், குறைந்த பயிற்சி, கையில் கூடுதல் பணம் என்று ஒரு கிராமத்துக் கிளப் கூப்பிட்டால், வீட்டுக் கடனும் கைக்குழந்தையும் உள்ளவர் என்ன செய்வார்? நாம் பேசிய அந்தத் தம்பி சீசன் முடிந்ததும் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்ல ஆட்டக்காரர் மேலே போவதும் அப்படித்தான். 2019இல் பாதி சீசனில் டிராஃப்ட் நடத்தும் முறை திரும்ப வந்தது. அந்த ஆண்டு மார்லியன் பிக்கெட்டை மேற்கு ஆஸ்திரேலியாவின் சவுத் ஃபிரீமான்டில் கிளப்பிலிருந்து ரிச்மண்ட் எடுத்துக்கொண்டது. அவருடைய முதல் ஏஎஃப்எல் மேட்சே இறுதிப்போட்டி, கோப்பையும் வென்றார். அதைப் பார்த்து மகிழாதவர் இல்லை. அதே செப்டம்பரில் சவுத் ஃபிரீமான்டில் தன் லீக்கின் இறுதிப்போட்டியில் சுபியாகோவிடம் படுதோல்வி அடைந்தது. வளர்த்த கிளப்புக்கு மிஞ்சியது அதுதான்.

எனவே கருத்துரையில் மூன்று கோரிக்கைகளை வைத்தோம். உச்சவரம்பு வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் பணமுள்ள இரண்டு கிளப் மட்டும்தான் மிஞ்சும். தனிக் கிளப்களின் வீரர் ஊதியத்தில் ஒரு பங்கை மேல்நிலை லீக்கின் ஒளிபரப்பு வருமானத்திலிருந்து தர வேண்டும் என்பது முதலாவது. பாதி சீசனில் வீரரை எடுத்தால், அந்தக் கிளப் அடுத்த ஆளைத் தேடும் அளவுக்காவது ஈடு தர வேண்டும் என்பது அடுத்தது. மூன்றாவது காயம். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்கும் சிகிச்சையில் மீதித் தொகையை விளையாட்டுக் காப்பீடு தராது. சட்டமே அப்படி இருக்கிறது. முழங்கால் போன பிளம்பருக்கு மேட்ச் பணமும் போச்சு, வேலைக் கூலியும் போச்சு. வேலை இழப்புக் காப்பீட்டை எல்லா வீரர்களுக்கும் கட்டாயமாக்கி, அந்தச் செலவை உச்சவரம்புக்கு வெளியே வைக்கச் சொன்னோம். கருத்துரையை உரிய இடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

கவருக்குப் பதிலாக, கிளப் நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமைப் பயிற்சிக்குப் பிறகு அணி முழுவதற்கும் இரவுச் சாப்பாடு கொடுத்தோம். சாம்பாரும் கோழிக்குழம்பும் தீர்ந்துபோகாத வியாழன் இல்லை. இதற்குக் கை கொடுத்தவர்கள் மிகச் சிலர்; அதே முகங்கள்தான் வாராவாரம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் மைதானத்துச் சாசேஜ் கடை வருமானமும் சேர்ந்து செலவுகளை ஏறக்குறைய ஈடுகட்டின. சாப்பாட்டுச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடியது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது; தணிக்கை முடிந்ததும் சுற்றுக்கு விடப்படும்.

சந்தா பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். ஜூன் கூட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்களில் கணிசமானோர் சந்தா கட்டவில்லை. கருத்து வேறுபாடு இருந்தால் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள். நான் காது கொடுத்துக் கேட்பேன். வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸாப்பில் மட்டும் பேசுவதால் எந்த வீரருக்கும் ஒரு டாலர் கூடப் போய்ச் சேராது. வீரருக்குக் கவர் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள், அதைவிடக் குறைந்த தொகையான சந்தாவைக் கட்டாமல் விட்டது எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

தலைவருக்கும், துணைத் தலைவருக்கும், பொருளாளருக்கும், பந்துப் பயிற்சி தந்த தம்பிகளுக்கும், இடம் கொடுத்த சமூக மண்டபத்தாருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு கருத்துரையை மறுபடி எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குக் கணக்கியல் தெரிந்த ஒருவரும் காப்பீட்டுத் துறையில் வேலை பார்க்கும் ஒருவரும் கூட இருந்தால் நல்லது. அப்படிப்பட்டவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். யாரும் வராவிட்டால், பதில் வரும் வரை நானே தொடர்கிறேன். வியாழக்கிழமைச் சாப்பாடு மார்ச் மாதம் மீண்டும் தொடங்கும். பரிமாற ஆள் தேவை. சந்தாப் படிவங்கள் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன, பொருளாளரும் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்